அரைப்பேரு

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பொதி. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்கிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அதில் எதையோ மடித்துச் சணல் கயிற்றால் கட்டியிருந்தது.

“அம்மா இத ஒங்களுக்குன்னுதான் வச்சிருந்துச்சு டீச்சர். வீட்டக் கழுவுறப்ப கெடச்சுச்சு. எங்களுக்கு இது வெளங்காது.”

கயிற்றை அவிழ்த்ததும் பச்சைக் கொழுந்தின் மணம் வந்தது. கூடவே கொஞ்சம் அடுப்புப் புகை, கொஞ்சம் மழை. நீங்கள் மலையில் வேலையை விட்டு ஆறு வருடமாகிறது. அந்தத் துண்டு அதை மறக்கவில்லை. உள்ளே ஒரு கொப்பி இருந்தது. நீங்கள் தினமும் எழுதி, யாருக்கும் காட்டாத கொப்பி.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிற பழக்கம் எனக்கில்லை, அக்கா. அவர்கள் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் நம்புவதுமில்லை. ஆனால் நீங்கள் எழுதிய ஒரு சொல்லை நான் பிழையாக வாசித்தேன். உங்கள் மகள் தேநீரைக் குடித்துவிட்டுப் போகுமுன் அதன் பொருளைச் சொல்லிவிட்டுப் போனாள். எழுத்தில் விட்ட பிழையை எழுத்தில்தான் திருத்த வேண்டும் என்று இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். அதனால் இது.

நாங்கள் பழகத் தொடங்கியதே என் பிழை ஒன்றில்தான். எனக்கு இரத்தத்தில் சீனி கூடிவிட்டது, நடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். பதுளையில் மேடு பள்ளம் இல்லாமல் நடக்கக்கூடிய ஒரே இடம் ஓயா ஆற்றின் வளைவில் இருக்கும் அந்த ஈரநிலப் பூங்கா. கைவிட்ட வயல், ஒரு குளம், குளத்தின் மேற்கு மூலையில் ஆள் உயரத்துக்கு நாணல், நடுவே ஒரு மரப்பாலம். வெறுமனே நடப்பது எனக்கு வெட்கமாக இருந்தது. பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு வந்தேன். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவள்தான். ஆனால் அங்கே நான் பார்த்த பறவைகளில் பாதி, வயிற்றில் பஞ்சு அடைத்தவை.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நாணல் ஓரத்தில் வெள்ளையாக ஒன்று அசையாமல் நின்றது. பத்து நிமிடம் அதையே பார்த்தேன். பாலத்தைக் கூட்டிக்கொண்டு வந்த நீங்கள் என் பக்கத்தில் நின்றீர்கள்.

“டீச்சரம்மா, அது பறக்காதுங்க.”

“ஏன், காயமோ?”

“சொப்பிங் பேக்குங்க.”

நீங்கள் சிரிக்கவில்லை. நான் சிரித்த பிறகுதான் சிரித்தீர்கள். நான் டீச்சர் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். “கொடையப் பெரம்பு மாதிரி புடிச்சிருக்கீங்களே” என்றீர்கள்.

அதன் பிறகு காலையில் நான் வரும்போதெல்லாம் பேசினோம். எனக்கு நாற்பத்தைந்து, உங்களுக்கு நாற்பத்தேழு. பேசுவதற்குப் பொதுவாக எங்களிடம் என்ன இருந்தது என்று இப்போது யோசித்தால் பெரிதாக ஒன்றுமில்லை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து இந்த ஊரிலேயே தங்கிவிட்டவள், தனியாள். நீங்கள் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தின் லய வீடொன்றில் பிறந்து, பதினெட்டு வயதில் கூடை தூக்கி, கடைசி இரண்டு வருடம் பெண் கங்காணியாக இருந்து, முழங்கால் போனபின் பூங்காவில் கூட்டிப் பெருக்க வந்தவர். நான் ‘ஓம்’ என்றால் நீங்கள் சாமியைப் பார்ப்பதுபோல் கையெடுத்துக் கும்பிடுவீர்கள். நீங்கள் ‘ஆமாங்க’ என்றால் எனக்கு அதைத் திருப்பிச் சொல்லத் தெரியவில்லை.

முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, விளக்குமாற்றைத் தொடுமுன் நீங்கள் ஒரு வேலை செய்வீர்கள். பாலத்தின் நடுவில் நின்று கொப்பியைத் திறப்பீர்கள். “பெரட்டு எடுக்குறேன்” என்றீர்கள். விடியற்காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி, யார் வந்தது யார் வரவில்லை என்று பார்க்கிற பெரட்டு. இந்த ஊரில் இருக்கும் யாருக்கும் அந்தச் சொல் தெரியும், எனக்கும் தெரிந்திருந்தது. குளத்துப் பறவைகளை வரிசையில் நிறுத்த முடியாது என்பதால் நீங்கள்தான் பாலத்தின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை நடந்தீர்கள்.

அவற்றுக்குப் பெயரும் நீங்களே வைத்திருந்தீர்கள். தண்ணீரில் மூழ்கி வேறோர் இடத்தில் எழும்புவது முங்கி. நெற்றியில் வெள்ளைக் கோடு இருப்பது நாமக்கோழி. அல்லி இலைமேல் காலை அகல வைத்து நடப்பது மெத்தைக்காரி. நான் புத்தகத்தைப் பார்த்துச் சரியான பெயரைச் சொல்வேன். “அது ஒங்க புத்தகத்துக்கு வச்ச பேரு. இது அதுக்கு வச்ச பேரு” என்பீர்கள்.

ஒரே ஒரு விடயத்தில்தான் எங்களுக்குள் இழுபறி. நாணல் மூலை. நான் எத்தனை நாள் தொலைநோக்கியைப் பிடித்தும் அங்கே ஒன்றும் தெரிந்ததில்லை.

“அங்க ஆளு இருக்கு டீச்சர்.”

“ஆர் கண்டது?”

“பாக்க முடியாது. கேக்கணும். ஆறு மணிக்கு முந்தி வாங்க ஒரு நாளைக்கு. உள்ள ஒருத்தி ஒரல் இடிக்கிறா.”

“காணாததை நான் நம்ப மாட்டன், அக்கா.”

“சாமியையும் நம்ப மாட்டீங்க, சத்தத்தையும் நம்ப மாட்டீங்க. என்னத்ததான் நம்புறீங்க?”

நான் வரவில்லை. ஆறரைக்கு முன் வந்ததே இல்லை. சமைக்க வேண்டும், கொப்பி திருத்த வேண்டும் என்று ஏதாவது சொல்வேன். உண்மையில், விடியுமுன் எழும்பிப் போய் ஒரு புல்லுக்கு முன்னால் காது கொடுத்து நிற்பது எனக்குப் படித்த மனுஷி செய்கிற வேலையாகத் தெரியவில்லை.

அப்போதுதான் பூங்கா நிர்வாகத்துக்குக் குளத்தைப் பெரிதாக்கும் யோசனை வந்தது. அன்னத்தின் வடிவில் மிதிபடகுகள் விடுவார்களாம். அதற்கு மேற்கு மூலையில் நாணலை எடுத்துவிட்டுத் தோண்ட வேண்டும். “சுத்தப்படுத்தல்” என்று பலகை வைத்தார்கள். மூன்று மொழியில் இருந்த அதே பலகையின் அடியில், தமிழில் மட்டும் எழுத்துப்பிழையோடு, ‘பறவைகளுக்கு உணவலிக்காதீர்’ என்று இருந்தது. நான் அந்த ‘லி’யைக் காட்டினேன். “நீங்க தப்புக் கண்டுபிடிக்காத போர்டு இந்த ஊருல இருக்கா?” என்றீர்கள். பிறகு நாணலைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். “இத எடுத்துட்டா அதுங்க எங்க போகும்?” என்று என்னைக் கேட்கவில்லை, சும்மா கேட்டீர்கள்.

ஒரு கூட்டம் வைத்தார்கள். பூங்காவுக்குத் தினமும் வருகிறவர்கள் அங்கே காணும் பறவைகளின் பட்டியலைத் தரலாம், அதைப் பார்த்து முடிவு செய்வோம் என்றார்கள். எழுதித் தருவதாக நான் ஒப்புக்கொண்டேன். உங்கள் கொப்பியைக் கேட்டேன். கொப்பியைத் தரவில்லை, ஒரு தாளில் பறவைகளின் பெயரை மட்டும் பார்த்தெழுதித் தந்தீர்கள். பெரிய, சாய்ந்த எழுத்து. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘பேரு’ என்று எழுதியிருந்தது. மூன்றுக்கு மட்டும் ‘அரைப்பேரு’. உரல்காரி, கெழவன் இருமல், சீட்டி.

இங்கேதான் அந்தப் பிழை. ‘பேரு’ என்றால் பெயர் தெரியும் என்று குறித்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். ‘அரைப்பேரு’ என்றால் பாதிப் பெயர்தான் தெரியும், மீதி தெரியாது. எவ்வளவு நேர்மையாகத் தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருக்கிறார் என்று உங்களை மனதுக்குள் மெச்சவும் செய்தேன். மெச்சிவிட்டு அந்த மூன்றையும் சிவப்புப் பேனையால் அடித்தேன். அடையாளம் உறுதியில்லாததைப் பட்டியலில் போடக்கூடாது. நான் படித்தது அப்படி.

கூட்டத்துக்கு முந்திய நாள் பாலத்தில் வைத்துக் கேட்டீர்கள்.

“எல்லாத்துக்கும் பேரு போட்டுட்டீங்களா டீச்சர்?”

“போட்டாச்சு. மூண்டை மட்டும் விட்டிட்டன். நீங்கள் அரைப்பேர் எண்டு எழுதின மூண்டும்.”

விளக்குமாறு நின்றது. “அப்ப அதுங்களுக்குப் பேரே இல்லையா?”

“முழுப்பேர் இல்லாட்டில் எப்பிடிப் போடுறது? ஒப்பீசிலை கேப்பினம்.”

“அதுங்க வந்துச்சுங்களே டீச்சர்.”

“வந்தது சரி. பேர் வேணுமே.”

நீங்கள் விளக்குமாற்றைப் பாலத்தின் கைப்பிடியில் சாத்தினீர்கள். பிறகு சிரித்தீர்கள். “அப்பிடியே எங்க பழைய தொர மாதிரியே பேசுறீங்க.”

நானும் சிரித்தேன். என்னத்துக்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே. நீங்களும் கூட்டத்தில் எழும்பிச் சொல்லலாமே என்றேன். “நானா? நான் வாயத் தொறந்தா மறுநா எனக்கே பேரு இருக்காது” என்றீர்கள். ஊரில் கெட்ட பேர் வந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் உங்களைத் தேநீர் கொடுக்க விட்டிருந்தார்கள். மேசையிலிருந்த இளம் அதிகாரி மரியாதையானவர். என் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்தார். எந்தப் பறவை எந்த இடத்தில் என்றும் நான் எழுதியிருந்தேன், ஒழுங்காக. முங்கி, நடுக்குளம். நாமக்கோழி, கிழக்குக் கரை. மெத்தைக்காரி, அல்லிப் பக்கம்; எல்லாம் புத்தகப் பெயரில். கடைசியில் நிமிர்ந்து கேட்டார்: “மேடம்ட லிஸ்ட்ல அந்தப் புல்லு மூலைக்கு ஒண்டும் இல்லத்தானே?”

நான் பட்டியலைப் பார்த்தேன். ஒன்றும் இல்லைதான். “நான் காணேல்லை” என்றேன். அந்த நேரம் நீங்கள் என் முன்னால் கோப்பையை வைத்தீர்கள். தட்டில் கொஞ்சம் சிந்தியது. துடைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனீர்கள்.

மூன்று வாரத்தில் மண் தோண்டும் பெக்கோ வந்தது. நாணலை வேரோடு பிடுங்கி லொறியில் ஏற்றினார்கள். வடக்குப் பக்கம், வயலோடு ஒட்டி ஒரு கீற்று மட்டும் மிஞ்சியது, பெக்கோ அங்கே புதையும் என்று. அன்று நான் பாடசாலைக்குப் போய்விட்டேன். நீங்கள் நாள் முழுதும் அங்கே இருந்தீர்கள், பாதையில் விழும் சேற்றைக் கூட்டுவது உங்கள் வேலை என்பதால்.

மறுநாள் நான் வந்தபோது எதையாவது சொல்வீர்கள் என்று பயந்தேன். நீங்கள் பெரட்டு எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

“அந்த மூண்டையும் இனி எழுதத் தேவையில்லைத்தானே” என்றேன். ஆறுதல் சொல்வதாக எண்ணித்தான் அப்படிக் கேட்டேன்.

“அது எப்பிடி? ஒரு மாசம் வரலைன்னா பேர வெட்டிருவாங்க தோட்டத்துல. நான் வெட்ட மாட்டேன். வருங்க.”

அன்னப் படகுகள் இரண்டு வந்தன. ஒன்றுக்குக் கழுத்து முறிந்து கம்பி தெரிகிறது. நீங்கள் அதையும் பார்த்துச் சிரித்தீர்கள். “இது மட்டும் ஒழுங்கா டெய்லி பெரட்டுக்கு வந்துருது.”

போன ஐப்பசி மழையில் உங்களுக்குக் காய்ச்சல். சளி நெஞ்சில் இறங்கி நான்கு நாளில் எல்லாம் முடிந்தது. நான் இரண்டு நாளாக உங்களைக் காணவில்லை என்று மட்டும் கவனித்தேன், காவலாளியிடம் கேட்கவில்லை. கேள்விப்பட்டு ஸ்பிரிங்வெளிக்கு பஸ் ஏறியபோதுதான் உறைத்தது, நான் பதுளையில் இத்தனை வருடம் இருந்தும் ஒரு லயத்துக்குள் கால் வைத்ததில்லை. உங்கள் வீட்டு வாசலில் எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார்கள். எல்லோரும் நின்றார்கள். நான் உட்காரவில்லை. அந்தக் கதிரை கடைசிவரை காலியாகவே இருந்தது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

கொப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் கோடு போட்டு, இடப்பக்கம் பெயர்கள், எதிரே நாட்கள். முதல் வரி எப்போதும் ‘நானு’. அதற்கு நேரே தினமும் ஒரு சரிவுக் கோடு. இரண்டாம் வரி ‘டீச்சர்’. அதற்குப் பிறகுதான் முங்கியும் நாமக்கோழியும் மற்றவர்களும். என் வரியில் வந்த நாள் கோடு, வராத நாள் சுழி. நான் பிந்தி வந்து அவசரமாகத் திரும்பிய நாட்களில் மட்டும் சின்ன எழுத்தில் ‘அரைப்பேரு’.

எனக்குச் சிரிப்பு வந்தது. “அம்மாவுக்கு என்ரை பேர் பாதிதான் தெரியுமோ?” என்று உங்கள் மகளிடம் கேட்டேன். உண்மையில் நீங்கள் என் பெயரைக் கேட்டதே இல்லை.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். “இது அந்தப் பேரு இல்ல டீச்சர். மலைக்கு வேலைக்குப் போனா அன்னைக்குப் பேரு விழும். முழு நாளு வேல செஞ்சா ஒரு பேரு, ஒரு நாள் சம்பளம். லேட்டாப் போனா, கொழுந்து கொறஞ்சா, அரைப்பேரு. ஒங்களுக்குத் தெரியாதா?”

“அப்ப இந்தப் பறவையளுக்கு?”

“கண்ணுல பட்டா முழுப்பேரு. சத்தம் மட்டும் கேட்டா அரைப்பேரு. அம்மா எங்கிட்டச் சொல்லிச் சிரிக்கும். ‘மொகம் காட்டாதவளுக்கு முழுப்பேரு போட்டா மத்தவ சண்டைக்கு வருவா’ன்னு.”

பாலத்தில் நாங்கள் பேசிய ஒவ்வொரு வரியும் அப்போது திரும்பி வந்தது. அதுங்களுக்குப் பேரே இல்லையா. வந்தது சரி, பேர் வேணுமே. மழையில் நனைந்து மலைக்கு ஏறிப் போன பெண்ணிடம், வந்தது சரி, ஆனால் உனக்கு இன்றைக்குப் பேர் இல்லை என்று எத்தனை தரம் யார் யார் சொல்லியிருப்பார்கள்? அதையே நானும் சொன்னேன், சிவப்புப் பேனையோடு. நீங்கள் கேட்டது ஒரு கேள்வி, நான் பதில் சொன்னது வேறு ஒரு கேள்விக்கு. இரண்டும் தமிழில்தான் இருந்தன.

ஆனால் முழுக் குற்றத்தையும் ஒரு சொல்லின் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சொல் அன்றே விளங்கியிருந்தால் எழுதியிருப்பேனா? ‘கேட்டது மட்டும்தானா’ என்று கேட்டுவிட்டு அப்போதும் அடித்திருப்பேன் என்றே நினைக்கிறேன். பறவைகளைக் கணக்கெடுப்பது எப்படி என்ற கையேடு ஒன்றை இந்த வாரம்தான் ஒழுங்காக வாசித்தேன். கேட்டதையும் எழுதலாமாம். கேட்டது என்று குறித்தால் போதுமாம். நாணலுக்குள் வாழ்கிறவற்றை வேறு எப்படியும் எழுத முடியாதாம். நீங்கள் கொப்பியில் செய்தது அதைத்தான், அச்சொட்டாக. விலங்கியல் படித்தவளுக்கு அது தெரியவில்லை.

நாணல் எடுத்த நாளுக்குப் பிறகு அந்த மூன்று பெயருக்கும் நேரே சுழி, சுழி, சுழி. பக்கம் பக்கமாக. ஒவ்வொரு புதுப் பக்கத்திலும் மூன்று பெயரையும் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் பக்கம்வரை வெட்டவில்லை.

இப்போது மிஞ்சிய வடக்குக் கீற்றையும் எடுத்து, மண் போட்டு, வாகனம் நிறுத்தும் இடமாக்கப் போகிறார்கள். இந்த வெள்ளிக்கிழமைக்குள் மறுபடி பட்டியல் கேட்டிருக்கிறார்கள், என்னிடமே. ‘மேடத்தின் சென்ற பட்டியல் மிக உதவியாக இருந்தது’ என்று கடிதத்தில் இருக்கிறது.

திங்கள் ஐந்தரைக்குப் பூங்காவுக்குப் போனேன். காவலாளி பயந்துபோய் ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். நீங்கள் நின்ற இடத்தில் நின்றேன். குளிர். முதலில் தவளைகள், பிறகு கோயில் மணி, பிறகு ஒன்றுமில்லை. செவ்வாயும் ஒன்றுமில்லை. புதன்கிழமை, வெளிச்சம் வருமுன், வடக்குக் கீற்றுக்குள்ளிருந்து தூரத்தில் யாரோ உரல் இடிப்பதுபோல் ஒரு சத்தம். நான்கு இடி. நின்றது. மறுபடி மூன்று. தவளையாக இருக்கலாம் என்று உடனே நினைத்தேன். உங்களுக்கு என்னைத் தெரியும். வியாழக்கிழமை இன்றைக்கு மறுபடி போனேன். அதே இடம், அதே இடி. பிறகு சத்தம் போட்டுக்கொண்டே நாணலுக்குள் இடம் மாறியது. நாணல் நுனிகள் வரிசையாக அசைந்தன, உள்ளே யாரோ நடந்து போவதுபோல். தவளை அப்படி நடக்காது. தொலைநோக்கியில் ஒன்றும் தெரியவில்லை. நான் அதை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன். அது புத்தகத்தில் எந்தப் பறவை என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

பட்டியலை எழுதி முடித்துவிட்டேன். பார்த்தவை ஒரு நிரல், கேட்டவை ஒரு நிரல். வடக்குக் கீற்றுக்கு நேரே உரல்காரி என்று எழுதி, அடுத்து ‘அரைப்பேரு’ என்று போட்டிருக்கிறேன். அந்த மரியாதையான பையன் நிச்சயம் கேட்பான், இது என்ன மேடம் என்று. சொல்வேன். மலைக்கு வந்தவளுக்குப் பேர் போட வேண்டும் என்பதிலிருந்து தொடங்கிச் சொல்வேன். கீற்று தப்புமா என்று எனக்குத் தெரியாது. தப்பும் என்று நம்புவதற்கும் காரணம் ஒன்றும் இல்லை.

உங்கள் கொப்பியில் புதுப் பக்கம் கோடு போட்டிருக்கிறேன். பெயர்களை நீங்கள் எழுதிய வரிசையிலேயே எழுதினேன். டீச்சர், திங்கள் முதல் இன்றுவரை நான்கு முழுப்பேரு. உரல்காரி, இரண்டு அரைப்பேரு. கெழவன் இருமலும் சீட்டியும் சுழி. அவற்றை நானும் வெட்டப் போவதில்லை.

உங்கள் வரியான முதல் வரியில் ‘நானு’ என்று எழுதினேன். அது உங்கள் எழுத்தைப்போல் சாயவில்லை. அதற்கு நேரே என்ன போடுவது என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களை நான் காணவில்லை. கேட்கவும் இல்லை. பொய்யாக ஒரு கோடு போட என்னால் முடியாது, அக்கா. சுழி போடவும் கை வரவில்லை. அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டிருக்கிறேன்; வரியை அடிக்கவில்லை.

நாளைக்கும் ஐந்தரைக்குப் போவேன்.